நாற்பத்து மூன்றாவது இடம்

முதல் நாள் மாலை ஆறு மணிக்குக் கேமராவைப் பார்த்து நான் வணக்கம் சொன்னபோது அந்தப் பக்கம் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். என் நாத்தனார். என் குரல் சரியாகக் கேட்கிறதா என்று பார்க்க, அடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டு வகுப்புக்குள் வந்திருந்தாள். ஒரு மணி நேரம் அவள் ஒருத்திக்காக இருபடிச் சமன்பாடு நடத்தினேன். நடுவில் நிறுத்தினால் அப்புறம் தொடங்க தைரியம் வராது என்று தோன்றியது.

விருத்தாசலத்தில் ஒரு தனியார் பள்ளியில் பதினோரு ஆண்டுகள் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். ஐம்பது பிள்ளைகள் முன்னால் நிற்பதற்கு ஒருநாளும் பயந்ததில்லை. சட்டைப் பொத்தான் அளவுக்குக் கூட இல்லாத அந்தக் கண்ணாடி வட்டத்தைப் பார்த்தால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

யோசனை நாத்தனாருடையது. சென்னையில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தவள், கம்பெனியில் ஆள் குறைத்தபோது ஊருக்குத் திரும்பி வந்திருந்தாள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நல்ல டியூஷன் வேண்டுமென்றால் விருத்தாசலத்துக்குத்தான் வரவேண்டும். திட்டக்குடி, அதையடுத்த மங்களூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிற பிள்ளைகள் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் பாதி வகுப்பில் எழுந்து ஓடுவதை நான் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். பெண் பிள்ளைகளை அதற்கும் அனுப்பமாட்டார்கள்.

"பாடம் அவங்க வூட்டுக்கே போவட்டும் அண்ணி. நீங்க எடுங்க, மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றாள்.

செராமிக் கம்பெனிகள் இருக்கிற பகுதியில் ஒரு மாடி அறை கிடைத்தது. என் வீட்டுக்காரர் அங்கே ஒரு சூளையில் வேலை பார்க்கிறார். அவர் மூலமாக வந்த இடம். கீழே பீங்கான் பொம்மை செய்கிற கூடம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்த வெள்ளைத் தூள் எங்கள் படிக்கட்டு வரைக்கும் வரும். நாங்கள் மேலே ஏறிப் போனால் எங்கள் காலடிகள் படியில் பதிந்து கிடக்கும்.

பள்ளிக்கூட வாசல்களிலும் பஸ் ஸ்டாண்டிலும் நின்று நோட்டீஸ் கொடுத்தோம். பெண்ணாடத்தில் ஒரு அம்மா நோட்டீஸை வாங்கிப் படித்துவிட்டுக் கேட்டார்: "ஃபோனைப் பிள்ளைங்க கையில குடுக்காதீங்கன்னு ஸ்கூல்ல சொல்றாங்க. நீங்க ஃபோன்லயே படிக்கச் சொல்றீங்க. நாங்க யாரு பேச்சக் கேக்கறது?"

"நான் பாத்துக்கறேங்க" என்று மட்டும் சொன்னேன். எதைப் பார்த்துக்கொள்வேன் என்று எனக்கே தெரியவில்லை. மறுநாள் அந்த அம்மா தன் மகளைச் சேர்த்தார். பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண். அந்த வீட்டில் இணைய வசதி உள்ள ஃபோன் ஒன்றுதான். அதை அந்தப் பெண்ணின் அப்பா வேலைக்கு எடுத்துப் போவார்; கரும்பு ஏற்றுகிற டிராக்டர் ஓட்டுகிறவர். மாலையில் அவர் வந்த பிறகுதான் பெண் கைக்கு வரும். எங்களை நம்பி அதைக் கொடுக்கிறார்கள்.

ஆறு மாதத்தில் நாற்பத்து மூன்று பிள்ளைகள் ஆனார்கள். அந்தப் பெண் வகுப்பில் கேமராவைத் திறக்கமாட்டாள். ஆனால் நான் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் விடை எழுத்தில் வந்து நிற்கும். சில நேரம் தப்பு விடை. தப்பென்று சொன்னால் உடனே இன்னொன்று வரும்.

இந்தச் சமயத்தில் சென்னையில் புதுத் தொழில்களுக்குக் கைகொடுக்கும் ஒரு குழு எங்களைக் கூப்பிட்டுப் பேசியது. திரையில் இரண்டு பேர். வகுப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். "ஆனா பெத்தவங்களுக்கு வாரா வாரம் உங்ககிட்டேருந்து ஏதாவது போகணும். டெஸ்ட் வைங்க, மார்க் அனுப்புங்க, ரேங்க் போடுங்க. அப்பதான் விட்டுட்டுப் போக மாட்டாங்க."

நான்கே நாளில் நாத்தனார் அதைச் செய்து முடித்தாள். வெள்ளிக்கிழமை மாலை தேர்வு. மிஷினே திருத்தும். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எல்லாப் பெற்றோரின் ஃபோனுக்கும் தானாகச் செய்தி போய்விடும்.

"ரேங்க் வேணுமா?" என்று கேட்டேன்.

"ஸ்கூல்ல நீங்க ரேங்க் கார்டு குடுக்கலியா அண்ணி?"

கொடுத்திருக்கிறேன். அதனால் வாயை மூடிக்கொண்டேன். பள்ளியில் அந்த அட்டையைப் பிள்ளையின் கையில் கொடுப்பேன், கொடுக்கும்போது முகத்தைப் பார்ப்பேன், முகம் சரியில்லை என்றால் மத்தியானம் கூப்பிட்டு வைத்துப் பேசுவேன். இதெல்லாம் அன்றைக்கு எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஒன்பது மணிக்குச் செய்திகள் போயின. ஐந்து நிமிடத்தில் பதில்கள் வர ஆரம்பித்தன. கட்டை விரல், பூங்கொத்து, கைகூப்பிய படம். ஒரு அப்பா, 'நன்றி மேடம், இப்போதுதான் என் மகன் நிலைமை தெரிகிறது' என்று எழுதியிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் டீ வாங்கி வந்து குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் படித்தோம்.

பத்தே முக்கால் இருக்கும். தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு.

"மிஸ்ஸுங்களா? பெண்ணாடத்துலேருந்து பேசறேன். பக்கத்து வூட்டு ஃபோன்ல பேசறேன்." நோட்டீஸ் வாங்கின அந்த அம்மாவின் குரல். "பாப்பா அங்க வந்திருக்குதா?"

"இங்கயா? இல்லீங்களே. என்ன ஆச்சு?"

"காலைல ஒங்ககிட்டேருந்து மெசேஜ் வந்துச்சாம். முட்டை மார்க்காம், கடைசி எடமாம். இவரு படிச்சுச் சொல்லக் குடுத்தாராம், கரும்பு ஏத்தற எடத்துல கூட வேல செய்யறவரு எல்லாரு எதிருலயும் சத்தமாப் படிச்சுட்டாரு. இவரு டிராக்டர அப்படியே நிறுத்திட்டு, பைக்க எடுத்துக்கினு வூட்டுக்கு வந்து கத்தோ கத்துன்னு கத்திட்டுப் போனாரு. பாப்பா ஒண்ணும் பேசல. பாத்திரம் கழுவிக்கினு இருந்துச்சு. நான் தண்ணி புடிக்கப் போயிட்டு வந்து பாத்தா ஆள் இல்ல. செருப்பு இல்ல. எங்க தேடியும் காணம் மிஸ்."

நான் ஃபோனைக் காதில் வைத்தபடி நாத்தனாரைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவள் லேப்டாப்பைத் திறந்தாள்.

அந்தப் பெண்ணின் பக்கத்தை எடுத்தாள். தேர்வுக்கு வந்திருக்கிறாள். ஆறாவது நிமிடம் லைன் போயிருக்கிறது. மறுபடி உள்ளே வர நான்கு தடவை முயன்றிருக்கிறாள். ஒரு தடவை வெளியே போனவர்களை மிஷின் திரும்ப உள்ளே விடாது. காப்பி அடிக்காமல் இருப்பதற்காக நாங்களே அப்படி வைத்திருந்தோம். விடை வரவில்லை, அதனால் பூஜ்யம். பூஜ்யம், அதனால் நாற்பத்து மூன்றில் நாற்பத்து மூன்றாவது இடம்.

"அவ முட்டை வாங்கல அண்ணி. நாமதான் போட்டிருக்கோம்" என்றாள் நாத்தனார்.

அறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம். அவள் ஸ்கூட்டியை ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டேன். அந்தப் பெண்ணோடு படிக்கிற பிள்ளைகள், அவர்களின் அம்மாக்கள், அவள் பள்ளியில் எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர். யாரும் பார்க்கவில்லை. காற்றில் பாதி வார்த்தை கேட்கவில்லை. ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று தடவை அவள் பேரைச் சொல்லிக் கத்தவேண்டியிருந்தது. கத்தக் கத்த, ஏதோ ஆகிவிட்ட பெண்ணைப் பற்றிப் பேசுவதைப் போலவே இருந்தது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. நாத்தனார் இஞ்சினை நிறுத்தினாள். என்னால் ரயிலைப் பார்க்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அவள் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டேன். எத்தனையோ வருடமாகக் கடந்து போகிற கேட். அந்தச் சத்தம் அன்றைக்கு என் பல்லுக்குள் இறங்கியது. செய்தித்தாளில் தேர்வு முடிவு வருகிற நாட்களில் படித்து மறந்துபோன மூலைச் செய்திகள் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன.

"அண்ணி, எதுனா பேசுங்க" என்றாள் அவள். "பேசாம இருந்தா எனக்குப் பயமா இருக்குது."

கேட் திறந்ததும் அடுத்த எண்ணைப் போட்டேன்.

பெண்ணாடத்தில் அவர்கள் தெரு முனையிலேயே அந்த அம்மா நின்றிருந்தார். சுற்றி நாலைந்து பெண்கள். என்னைக் கண்டதும் ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்து வந்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"நீங்க சொன்னா கேப்பா மிஸ். எங்க இருந்தாலும் நீங்க கூப்பிட்டா வந்துடுவா" என்றார்.

ஒரு பெண் சொன்னாள், பச்சைச் சுடிதார் போட்ட ஒரு பொண்ணு கையில் நோட்டோடு மெயின் ரோட்டுப் பக்கம் வேகமாகப் போனதைப் பார்த்ததாக. இந்தப் பெண்தானா என்று உறுதியாகத் தெரியவில்லை. அப்பா வெள்ளாற்றுப் பாலத்துப் பக்கம் தேடப் போயிருக்கிறார் என்றார்கள். ஏன் பாலத்துப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பாலத்தை நெருங்கும்போது தூரத்திலேயே கூட்டம் தெரிந்தது. வண்டிகள் இரண்டு பக்கமும் நின்றிருந்தன. ஆட்கள் ஒரு இடத்தைச் சூழ்ந்து நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஸ்கூட்டியிலிருந்து இறங்கவில்லை. நாத்தனார் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, என்னை அதன்மேலேயே விட்டுவிட்டு நடந்தாள். அவள் கூட்டத்துக்குள் நுழைவதைப் பார்த்தேன். அவள் தலை மறைந்தது.

அவள் வெளியே வந்து, தூரத்திலிருந்தே கையைப் பலமாக ஆட்டினாள்.

"கரும்பு டிராக்டர் அண்ணி! ஆக்ஸில் ஒடைஞ்சு நிக்குது! வேற ஒண்ணுமில்ல!"

கரும்பெல்லாம் ரோட்டில் சரிந்து கிடந்தது. அதைத்தான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அழ ஆரம்பித்தேன். பக்கத்தில் நின்ற லாரிக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

கூட்டத்தைத் தாண்டி, பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒருவர் தனியாக நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். காக்கிக் கால்சட்டை, தோளில் துண்டு. கீழே பெரும்பாலும் மணல்தான். நடுவில் மட்டும் தண்ணீர் ஓடியது. அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் பெண்ணின் அப்பா என்று தெரிந்துவிட்டது. அவருக்கு என்னைத் தெரியாது. யாரென்று நானே போய்ச் சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் பட்ட பயத்தில் அந்த இருபது அடி தூரம்தான் மோசமானது.

"நான்தாங்க கணக்கு மிஸ். மெசேஜ் அனுப்பினது நாங்கதான்."

அவர் திரும்பிப் பார்த்தார். கண்கள் சிவந்திருந்தன.

"அது தப்பான மார்க்குங்க. ஒங்க பொண்ணு முட்டை வாங்கல. நடுவுல லைன் கட்டாயிடுச்சு, அதனால எழுத முடியல. எங்க மிஷின் அதை முட்டைன்னு போட்டுடுச்சு. தப்பு எங்க மேலதாங்க."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடித்தால்கூட வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன். அவரோ அப்படியே சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சொன்னா" என்றார். "லைனு போயிடுச்சுப்பான்னு சொன்னா. பொய் சொல்றியாடின்னு கேட்டேன். அப்புறம் அவ வாயே தொறக்கல."

என் ஃபோன் அடித்தது. மறுபடியும் தெரியாத எண். எடுக்க எனக்குத் தைரியமில்லை. நாத்தனாரிடம் நீட்டினேன். அவளும் ஒரு கணம் தயங்கிவிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"எத்தினி வாட்டிம்மா போடறது? எப்பப் போட்டாலும் வேற ஆளோட பேசறாங்கன்னே சொல்லுது!" எங்கள் அறைக்குக் கீழே பொம்மைக் கூடத்தில் வேலை செய்கிற அக்காவின் குரல். "ஒங்க ரூம் வாசல்ல ஒரு பொண்ணு ஒக்காந்துக்கினு இருக்குது. ஒரு மணி நேரமாச்சு. மிஸ்ஸப் பாக்கணும்னு சொல்லுது, வேற ஒண்ணும் சொல்ல மாட்டுது. டீ குடுத்தோம், குடிக்கல. போர்டுல இருந்த நம்பருக்குப் போட்டுப் போட்டு என் கை வலிக்குது."

அவள் பஸ் ஏறி எங்களிடம்தான் போயிருந்தாள். நாங்கள் அவளைத் தேடிப் பெண்ணாடம் வந்த நேரத்தில், பூட்டின கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததால் யாராலும் என்னைக் கூப்பிட முடியவில்லை.

அவள் அப்பா எழுந்தார். ஃபோனைப் பார்த்துக் கும்பிட்டார். அந்த அக்காவுக்கு அது தெரிந்திருக்காது. போகிற வழியில் அவர் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தாமலே "கெடைச்சுட்டா!" என்று கத்திவிட்டுப் போனார். அந்த அம்மா தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டதைப் பின்னால் வந்த நாங்கள் பார்த்தோம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். பச்சைச் சுடிதாரில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. அதுவரை அவள் முகத்தை நான் சரியாகப் பார்த்ததில்லை, கேமராவைத்தான் திறக்கமாட்டாளே. நினைத்ததைவிடச் சின்னப் பெண். அப்பாவைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து பொம்மைக் கூடத்து அக்காவுக்குப் பின்னால் போய் நின்றாள். அவர் மேலே ஏறவில்லை. கீழ்ப்படியிலேயே நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவள் என்னிடம் நோட்டை நீட்டினாள்.

"லைனு போனப்புறம் நோட்ல எழுதினேன் மிஸ். கடியாரத்தப் பாத்துதான் எழுதினேன். டைம் முடிஞ்சதும் நிறுத்திட்டேன், பாருங்க. கடைசிக் கணக்கு பாதியில இருக்குது."

படியிலேயே உட்கார்ந்து பார்த்தேன். பத்துக் கணக்கில் ஒன்பது போட்டிருந்தாள். பத்தாவது பாதியில் நின்றிருந்தது. இன்னும் இரண்டு வரி எழுதினால் முடிந்திருக்கும். வீட்டில் யாரும் பார்க்காத நேரத்திலும் அந்த இரண்டு வரியை அவள் எழுதவில்லை. ஒன்பதில் ஆறு சரி, மூன்று தப்பு. அதை அவளிடம் அப்படியே சொன்னேன். எங்கே தப்பு என்று கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன்.

கீழேயிருந்து அவள் அப்பா கேட்டார்: "அப்ப எத்தனாவது எடம் வரும் மிஸ்?"

சமாதானம் பேசத்தான் கேட்டார். குரலில் ஒரு பெருமைகூட இருந்தது. அவளும் நோட்டிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அது தெரிய வேண்டியிருந்தது. மற்றவர்களின் மார்க்கெல்லாம் காலையிலேயே பார்த்திருந்தும் "இன்னும் பாக்கலீங்க" என்று பொய் சொன்னேன்.

அவர்கள் அந்தப் பைக்கிலேயே திரும்பிப் போனார்கள். பின்னால் உட்கார்ந்தவள் முதலில் சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தாள். வளைவில் திரும்பும்போது அவர் தோளைப் பிடித்தாள்.

அன்று மத்தியானமே நாத்தனார் அந்தச் செய்தி அனுப்பும் ஏற்பாட்டை நிறுத்தினாள். பிறகு நாங்கள் இருவரும் பிள்ளைகளின் பெற்றோர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். பெண்ணின் பெயரை மட்டும் சொல்லவில்லை. சிலர் பரவாயில்லை என்றார்கள். சிலர் கோபப்பட்டார்கள். ஒருவர், "என் பையன் மூணாவதுன்னு வந்துச்சே, அதுவும் தப்பா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பழைய பள்ளிக்கு வேலை கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதினேன். என் வீட்டுக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, "திங்கக்கெழம க்ளாஸ எடுத்துட்டு அப்புறம் குடு" என்றார். திங்கள் மாலை உட்கார்ந்தேன். முப்பத்து நான்கு பேர் வந்தார்கள். மற்ற ஒன்பது பேர் அந்தச் செய்தியோடு நின்றுவிட்டார்கள், பிறகு வரவே இல்லை. அவள் வந்திருந்தாள். என் முதல் கேள்விக்கே விடை வந்து நின்றது. தப்பு விடை. விண்ணப்பத்தை நான் கொடுக்கவில்லை.

சென்னைக்காரர்களிடம் நாத்தனார்தான் பேசினாள். ஒரு கோளாறுக்காக முழுவதையும் நிறுத்துவானேன், கோளாறைச் சரிசெய்யலாமே என்று பொறுமையாகவே சொன்னார்கள். "சரி பண்ணிட்டேங்க. சரி பண்ணப்புறமும் யாராச்சும் ஒருத்தர் கடைசியிலதானே இருப்பாங்க? அந்த வூட்டுல என்ன நடக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். அவர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

இப்போது தேர்வு விடைத்தாளை நானே பார்க்கிறேன். மதிப்பெண்ணை முதலில் பிள்ளையிடம் சொல்கிறேன். பெற்றோரிடம் ஃபோனில் பேசுகிறேன். இரண்டு பேர் நடத்துகிற இடத்தில் இதற்கே பாதி வாரம் போய்விடுகிறது. அதனால் வேகமாக வளர முடியவில்லை. வளராமல் எத்தனை நாள் தாக்குப்பிடிப்போம் என்ற பயம் வேறு.

போன மாதம் பெற்றோர்களை நேரில் கூப்பிட்டிருந்தோம். கூட்டம் முடிகிற நேரத்தில் மங்களூர் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா எழுந்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது மிஸ். ரேங்குன்னா ஒரு நம்பரு, புரிஞ்சுடும். நீங்க ஃபோன்ல பேசறது பாதி புரியல. எம்பொண்ணு நல்லாப் படிக்கிறாளா இல்லியான்னு நான் எப்படித்தான் தெரிஞ்சுக்கறது?"

"படிச்சத ஒங்ககிட்ட சொல்லிக் காட்டச் சொல்லுங்க. ஒங்களுக்குப் புரியற மாதிரி அவ சொன்னா, அவளுக்கும் புரிஞ்சிருக்குன்னு அர்த்தம்" என்றேன்.

அவர் தலையாட்டினார். ஆனால் உட்காரவில்லை. இன்னும் ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.